தேயிலை மண்ணும் சேதனப் பசளையும்: சப்பிரகமுவையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

இரத்தினபுரி மாவட்டத்திலே, பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டியவை நோக்கித் தெற்கே செல்லும் பெருவீதியில், கஹவத்தைக்கு அப்பால் அமைந்துள்ளது கொடகவெல. ஒருபுறம் இறக்குவானைக் குன்றுகளும் மறுபுறம் வளவை ஆற்றுச் சமவெளியும் இதன் எல்லைகளாக உள்ளன. மழை மிகுந்த ஈரவலயம் படிப்படியாக வரண்ட நிலத்துக்கு இடம்விடும் பகுதி இது. தேயிலை, இறப்பர், கறுவா ஆகிய மூன்றும் இங்கே அடுத்தடுத்து வளர்கின்றன. பெருந்தோட்டங்களின் மலைகளும் ஓர் ஏக்கர், அரை ஏக்கர் என்ற அளவிலான சிறுதோட்டங்களும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன.

கடல்மட்டத்திலிருந்து 600 மீற்றருக்குக் கீழே விளையும் தேயிலை தாழ்நாட்டுத் தேயிலை எனப்படும். சப்பிரகமுவையின் தேயிலையிற் பெரும்பகுதி இவ்வகையைச் சார்ந்தது. தேயிலையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நுவரெலியாவையும் தலவாக்கலையையும் மனத்திற்கொண்டே எழுதுவர். ஆயின், தேயிலைக்கும் மண்ணுக்கும் இடையேயுள்ள உறவை ஆராயப் புகுவோர்க்குத் தாழ்நாடே சிறந்த பாடம் புகட்டவல்லது. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியசு. இரத்தினபுரியிலோ அது 27 பாகை. மண்ணில் வாழும் நுண்ணங்கிகளின் செயல் வேகம், வெப்பநிலை 10 பாகை உயரும்போது ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. எனவே மலைநாட்டில் ஆண்டுக்கணக்கில் தங்கும் இலைச்சருகு தாழ்நாட்டில் மாதக்கணக்கில் உக்கி மறைந்துவிடுகின்றது. இம்மண்ணுக்குச் சேதனப் பொருள் மிகுதியாகத் தேவைப்படுகின்றது. அதே வேளை இம்மண்ணே அதனை மிக விரைவில் உண்டு தீர்க்கின்றது. இம்முரண்பாட்டைத் தோட்டச் சொந்தக்காரரும் விஞ்ஞானிகளும் அரசும் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் பொருளாகும்.

காடு தந்த முதல்

தேயிலைக்கு முன்னர் கோப்பி இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மத்திய மலைநாட்டிலும், இறக்குவானை போன்ற சப்பிரகமுவைப் பகுதிகளிலும் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டுக் கோப்பி நடப்பட்டது. 1870களில் கோப்பிப் பயிர்நிலம் 2,50,000 ஏக்கருக்கு மேற் பரந்திருந்தது. காடழித்த நிலத்தில் முதற் சில ஆண்டுகள் பசளையின்றியே விளைச்சல் பெருகியது. இதனைக் கண்டோர் இலங்கையின் மண் இயல்பாகவே வளமானது எனக் கருதினர். உண்மையில் அவர்கள் கண்டது பல நூற்றாண்டுகளாகக் காடு சேர்த்துவைத்த இலையுக்கலின் வளமேயாகும். சேமித்துவைத்த முதலையே வருமானம் என எண்ணிச் செலவிட்ட கதை அது.

இத்தவறு களைபிடுங்கலால் மேலும் பெருகிற்று. மண்ணிற் புல்லொன்றும் நில்லாதவாறு துப்புரவாகக் களை எடுப்பதே நல்ல தோட்டத்திற்கு அடையாளம் எனக் கோப்பிக் காலத்துத் துரைமார் நம்பினர். வெறுமையான சரிவில் பருவமழை பொழிந்தபோது மேல்மண் ஆறுகளிற் கலந்தது. மண்ணின் நுண்ணங்கிகளிற் பெரும்பாலானவை மேற்பரப்பிலிருந்து ஒரு சாணுக்கு உட்பட்ட படையிலேயே வாழ்வன. ஆதலால், மேல்மண்ணின் இழப்பு அவ்வுயிர்களின் இழப்புமாகும். 1931இல் வெளியான மண்ணரிப்பு ஆய்வுக் குழுவின் அறிக்கையும், அதன்பின் இருபது ஆண்டுகள் கழிந்து 1951இல் இயற்றப்பட்ட மண் பாதுகாப்புச் சட்டமும் இவ்விழப்பைக் காலந்தாழ்த்தியேனும் அரசு ஏற்றுக்கொண்டதற்குச் சான்றுகள்.

1869இல் தோன்றிய கோப்பி இலைத்துரு நோய் அப்பயிரை அழித்தது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி வீழ்ந்ததும் பழைய கோப்பி நிலங்கள் பலவற்றில் தேயிலை ஏறியது. அதாவது, தேயிலை தன் வாழ்வைப் பல இடங்களிற் கன்னி மண்ணில் தொடங்கவில்லை. ஏற்கெனவே களைத்துப்போன மண்ணிலேயே தொடங்கியது.

புண்ணாக்கும் மாட்டெருவும்

மண் களைத்தமையைத் தோட்டக்காரர் அறியாதிருக்கவில்லை. கோப்பிக் காலத்திலேயே தோட்டங்களில் மாட்டுப்பட்டிகள் அமைத்து, சாணத்தையும் படுக்கைப் புல்லையும் சேர்த்து எருவாக்கிச் செடிகளுக்கு இடும் வழக்கம் இருந்தது. தேயிலைக் காலத்தில் எலும்புத்தூள், மீன் கழிவு, ஆமணக்குப் புண்ணாக்கு, நிலக்கடலைப் புண்ணாக்கு ஆகியன பயன்பட்டன. புண்ணாக்கு என்னும் நம்மவர் சொல் ‘பூனாக்’ என்ற உருவில் இலங்கைத் துரைமாரின் ஆங்கிலத்திலும் புகுந்துவிட்டது. ஆமணக்குப் புண்ணாக்கில் நைதரசன் கணிசமாக உண்டு. ஆயினும் அது உடனே கரைந்து வேரை அடைவதில்லை. மண்ணின் நுண்ணங்கிகள் அதனை உண்டு, தமக்கு மிஞ்சியதை அமோனியமாக வெளிவிட்ட பின்னரே செடி அதனைப் பெறுகின்றது. செடிக்கு முன்னர் மண்ணுயிர் உண்ணவேண்டும் என்னும் இவ்வொழுங்கே சேதனப் பசளையின் அடிப்படை. இதனை அக்காலத்தவர் அனுபவத்தால் அறிந்திருந்தனர், காரணத்தை அறிந்திலர்.

காரணம் ஐரோப்பிய ஆய்வுகூடங்களில் அதே காலத்திலேயே வெளிப்பட்டுக்கொண்டிருந்தது. 1840இல் லீபிக் தம் நூலில், செடியின் உணவு கனிப்பொருளே எனவும் உக்கல் அன்று எனவும் வாதிட்டார். இக்கருத்தே செயற்கைப் பசளைத் தொழிலுக்கு வழிவகுத்தது. ஆனால் 1877இல் சுலோசிங், மூன்ட்சு என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் இருவர், மண்ணில் அமோனியா நைத்திரேற்றாக மாறுவது உயிர்களின் செயலே என நிறுவினர். 1888இல் பெயரிங்கு அவரையினச் செடிகளின் வேர்ச்சிறுகணுக்களில் வாழ்ந்து வளியின் நைதரசனைப் பதிக்கும் பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். 1890ஐ ஒட்டி வினோகிராட்சுக்கி நைத்திரேற்றாக்கும் பற்றீரியாக்களைத் தனிமைப்படுத்திக் காட்டினார். மண் என்பது சத்துகளை வைத்திருக்கும் வெறும் பாத்திரமன்று, அஃது ஓர் உயிர்ச் சமூகம் என்ற கருத்து இவ்வாறு உருவாகியது.

இக்கருத்து இலங்கைத் தோட்டங்களை வந்தடைந்த வழி பசுந்தாட் பசளையாகும். முள்முருக்கு, வாகை, பிற்காலத்திற் சீமைக்கிளுவை எனப்படும் கிளிரிசிடியா ஆகிய அவரையின மரங்கள் தேயிலைக்கிடையே நடப்பட்டன. அவை நிழல் தந்தன. கிளைகளை வெட்டி மண்ணிற் பரப்பியபோது, வேர்ச்சிறுகணுப் பற்றீரியா வளியிலிருந்து ஈட்டிய நைதரசன் தேயிலைக்குக் கிடைத்தது. மலைநாட்டில் சவுக்கு என வழங்கப்படும் கிரெவிலியா அவரையினத்தைச் சேர்ந்ததன்று. எனினும் அதன் சருகு மண்ணைப் போர்த்தியது.

ஆராய்ச்சி நிறுவகமும் இரு சிந்தனைகளும்

1925இல் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் சட்டத்தால் அமைக்கப்பட்டது. பங்கசு நோய்களை ஆராய்வதிற் புகழ்பெற்ற தொம் பெட்ச் அதன் முதற் பணிப்பாளராவார். நிறுவகம் சில ஆண்டுகளில் தலவாக்கலையின் சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. தாழ்நாட்டுக்கான அதன் பிராந்திய நிலையம் பின்னர் இரத்தினபுரியின் சென் யோக்கிம் தோட்டத்தில் அமைந்தது.

நிறுவகத்தின் விவசாய இரசாயனவியலாளராக வந்த தோமஸ் ஈடன், இங்கிலாந்தின் றொதம்ஸ்டெட் நிலையத்தில் புள்ளிவிபர மேதை பிஷருடன் பணியாற்றியவர். நிலத்தைச் சிறு துண்டங்களாக வகுத்து, வேறுவேறு பசளைகளை எழுமாறாக ஒதுக்கி, திரும்பத் திரும்ப அளந்து முடிவு காணும் முறையை அவர் தேயிலைக்குக் கொணர்ந்தார். ஒரு மலையின் ஒரு பகுதி இயல்பாகவே மற்றதைவிடச் செழிப்பாக இருக்கலாம். அதனைப் பசளையின் பயன் என மயங்காதிருக்க இம்முறை உதவியது. இவ்வகைச் சோதனைகள் ஓர் உண்மையைத் தெளிவாக்கின. கொழுந்தின் விளைச்சலை முதன்மையாக நிர்ணயிப்பது நைதரசனே என்பதே அது. காரணம் எளிது. மற்றப் பயிர்களில் விதையையோ கனியையோ கொய்கிறோம். தேயிலையிலோ நைதரசன் மிகுந்த இளந்தளிரையே வாரந்தோறும் கொய்கிறோம். தயாரித்த தேயிலையில் ஏறத்தாழ 4 வீதம் நைதரசன் உண்டு. ஆகவே 1,000 கிலோகிராம் தேயிலை தோட்டத்தை விட்டுச் செல்லும்போது 40 கிலோகிராம் நைதரசனும் உடன் செல்கின்றது. ஈடன் தம் ஆய்வுகளைத் தொகுத்துத் தேயிலை பற்றி எழுதிய நூல் 1958இல் வெளியாகியது.

மறுமுனையில் நின்றவர் அல்பேட் ஹவார்ட். மத்திய இந்தியாவின் இந்தூரில் 1924 முதல் 1931 வரை பணியாற்றியபோது, பயிர்க் கழிவையும் சாணத்தையும் படைபடையாக அடுக்கிப் புரட்டிக் கூட்டெருவாக்கும் முறையை அவர் ஒழுங்குபடுத்தினார். இந்தூர் முறை எனப் பெயர்பெற்ற இது இந்திய, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் பரவியது. 1937இன் இறுதியிலும் 1938இன் தொடக்கத்திலும் ஹவார்ட் இத்தோட்டங்களை நேரிற் பார்வையிட்டார். தேயிலை வேர்களோடு பங்கசு இழைகள் இணைந்து வாழ்வதைக் கண்டு, உக்கலுக்கும் செடிக்கும் இடையே அவை பாலமாக அமைகின்றன எனவும், செயற்கைப் பசளை அப்பாலத்தைச் சிதைக்கின்றது எனவும் அவர் கருதினார். 1940இல் வெளிவந்த அவருடைய நூல் சேதன வேளாண்மை இயக்கத்திற்கு வித்திட்டது.

இவ்விருவர் வழிகளையும் ஒப்பிட்டு நோக்குதல் பயன்தரும். ஹவார்ட் துண்டச் சோதனைகளையும் புள்ளிவிபரவியலையும் மதிக்கவில்லை; ஆதலால் அவர் கூற்றுகளில் எவை அளந்தறிந்தவை, எவை நம்பிக்கை என்பதைப் பிரித்தறிவது கடினம். தேயிலை வேரில் இணைந்து வாழும் பங்கசு உண்டு என்பதையும் அது பொசுபரசைப் பெற உதவுகின்றது என்பதையும் பிற்கால ஆய்வு உறுதிப்படுத்தியது. மறுபுறம், ஈடனின் முறை ஆண்டு விளைச்சலைத் துல்லியமாக அளந்தது; ஆனால் பல பத்தாண்டுகளிலேயே புலப்படும் மண்ணின் மாற்றத்தை ஒருசில ஆண்டுச் சோதனை காட்டுவதில்லை. ஒருவர் செடியை அளந்தார்; மற்றவர் மண்ணை நோக்கினார். நாட்டுக்கு இரண்டும் தேவைப்பட்டன. தோட்டக் கணக்கேடு முதலாவதையே ஏற்றுக்கொண்டது.

அமோனியம் சல்பேற்றின் காலம்

1909இல் ஹேபர் வளியின் நைதரசனிலிருந்து அமோனியாவை ஆக்கும் வழியைக் கண்டார்; 1913இல் ஜேர்மனியின் ஒப்பாவில் அது பெருந்தொழிலாயிற்று. அதன்பின் நைதரசன் மலிந்தது. 21 வீத நைதரசனைக் கொண்ட அமோனியம் சல்பேற்றும், பிற்காலத்தில் 46 வீதம் கொண்ட யூரியாவும் தேயிலை மலைகளை அடைந்தன. 1950களின் பிற்பகுதியிலிருந்து மறுநடுகை மானியத்தின் துணையுடன் பரவிய, வெட்டுத்துண்டுகளிலிருந்து வளர்க்கப்பட்ட உயர்விளைச்சல் தேயிலை இப்பசளையை மேலும் வேண்டியது.

தேயிலைக்கு அமோனியம் உவப்பானது. அது நைத்திரேற்றைவிட அமோனியத்தையே விரும்பி உறிஞ்சும் செடி, 4.5க்கும் 5.5க்கும் இடைப்பட்ட பி.எச். பெறுமானமுள்ள அமில மண்ணே அதற்கு ஏற்றது. மற்றப் பயிர்களை நஞ்சூட்டும் அலுமினியத்தைத் தன் முதிர்ந்த இலைகளிற் சேர்த்துவைத்து அது வாழ்கின்றது. எனவே அமோனியப் பசளை தேயிலைக்கு எவ்விதத் தீங்கும் செய்யாது என நெடுங்காலம் கருதப்பட்டது. செடியளவில் இது பெரும்பாலும் சரியே. மண்ணுயிரின் நிலை வேறு.

ஒவ்வோர் அமோனியம் அயனும் மண்ணில் நைத்திரேற்றாக மாறும்போது இரண்டு ஐதரசன் அயன்கள் வெளிப்படுகின்றன. ஆண்டுதோறும் இது தொடர, மண் மேலும் அமிலமாகின்றது. கல்சியமும் மகனீசியமும் மழையிற் கழுவுண்டு போக, அலுமினியம் கரைந்து வெளிவருகின்றது. தேயிலை தாங்கிக்கொள்ளும் இந்நிலையைப் பற்றீரியாக்களிற் பல தாங்குவதில்லை. 2006இல் அமெரிக்க ஆய்வாளர் பியரர், ஜாக்சன் ஆகிய இருவரும் இரு அமெரிக்கக் கண்டங்களின் பலவகை மண்களை ஒப்பிட்டு, பற்றீரியாக்களின் பல்வகைமையை மற்றெதனினும் மேலாக நிர்ணயிப்பது மண்ணின் பி.எச். என்றும், அமில மண்ணில் அப்பல்வகைமை குறுகுகின்றது என்றும் காட்டினர். பற்றீரியா பின்வாங்கும் இடத்திற் பங்கசு முன்னேறுகின்றது.

இங்கே ஒரு புதிர் இருந்தது. ஆய்வுகூடத்தில் அமிலத்தைத் தாங்காது இறக்கும் நைத்திரேற்றாக்கும் பற்றீரியா, அமிலத் தேயிலை மண்ணில் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதே அது. 2005இல் அமோனியாவை ஒட்சியேற்றும் ஆர்க்கியா என்னும் வேறொரு நுண்ணங்கி இனம் அறியப்பட்டது. 2011இல் ஸ்கொத்லாந்தின் அமில மண்ணொன்றிலிருந்து, அமிலத்திலேயே வளரும் அவ்வின நுண்ணங்கியொன்று வளர்த்தெடுக்கப்பட்டது. சீனத் தேயிலை மண்களிலும் இவ்வினம் முக்கிய பங்கு வகிப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. வினோகிராட்சுக்கியின் பற்றீரியாக்கள் மட்டுமே இத்தொழிலைச் செய்கின்றன என்ற நூற்றாண்டுக் கருத்து இவ்வாறு திருத்தம் பெற்றது.

இனி, இத்தகைய மண்ணுக்குச் சேதனப் பசளை இடும்போது நிகழ்வன யாவை என நோக்கலாம். முதலாவதாக, அது காபனைத் தருகின்றது. பெரும்பாலான மண் பற்றீரியாக்களுக்குக் காபனே உணவும் சக்தியும். யூரியா நைதரசனைத் தரும், இக்காபனைத் தருவதில்லை. இரண்டாவதாக, மாட்டெருவும் கோழியெருவும் அமிலத்தைச் சற்றுத் தணிக்கின்றன. உக்கல் கரைந்த அலுமினியத்தைப் பற்றிப் பிடித்துக்கொள்கின்றது. இதனாற் பின்வாங்கிய பற்றீரியா இனங்கள் மீள்கின்றன. மூன்றாவதாக, பற்றீரியாக்கள் வெளிவிடும் சேதன அமிலங்கள், சப்பிரகமுவையின் செம்மஞ்சள் மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து கிடக்கும் பொசுபரசில் ஒரு பகுதியை விடுவிக்கின்றன. நான்காவதாக, நுண்ணங்கிகளின் பசைப்பொருள் மண்மணிகளை ஒட்டிப் பிடிப்பதால் மழைநீர் உள்ளிறங்குகின்றது, அரிப்புக் குறைகின்றது.

ஆயினும் இப்பயன்களுக்கு நிபந்தனைகள் உண்டு. வைக்கோலும் மரத்தூளும் போன்ற, நைதரசனைவிடக் காபன் மிக மிகுந்த பொருளை இட்டால், அதனை உக்கவைக்கும் பற்றீரியாக்கள் மண்ணிலுள்ள நைதரசனையும் தமக்கென எடுத்துக்கொள்கின்றன. அப்போது செடி பட்டினி கிடக்கின்றது. காபன் நைதரசனைப் போல் 25 அல்லது 30 மடங்கினைத் தாண்டும்போது இது நிகழ்கின்றது. கோழியெருவை அளவுமீறி இட்டால் மண்ணின் பி.எச். தேயிலைக்கு ஏற்ற எல்லையைக் கடந்துவிடலாம். கூட்டெருவின் பயன் முதற் பருவத்தில் சிறிதே. ஆண்டுகள் செல்லச் செல்லவே அது பெருகும். தாழ்நாட்டின் வெப்பத்திலோ ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் இட்டால் மட்டுமே அது நிலைக்கும்.

எருவும் உழைப்பும்

மண்ணியலாளரின் நூல்களில் பெரிதும் பேசப்படாத ஒன்றுண்டு. சேதனப் பசளையின் வரலாறு உழைப்பின் வரலாறுமாகும். ஒரு ஹெக்டேயருக்கு ஆண்டுக்கு 200 கிலோகிராம் நைதரசன் வேண்டும் எனக் கொள்வோம். யூரியாவாயின் 435 கிலோகிராம் போதும்; சில மூடைகளில் அடங்கும். 1.5 வீத நைதரசனுள்ள கூட்டெருவாயின் 13 தொன்னுக்கு மேல் வேண்டும். அதனைச் சேர்க்கவும், புரட்டவும், செங்குத்தான மலைமீது தலையிலும் முதுகிலும் சுமக்கவும் மனிதர் வேண்டும்.

தமிழகத்திலிருந்து வந்து தோட்டங்களில் குடியேறிய தொழிலாளரின் உழைப்பே இதனைச் செய்தது. அவர்தம் பேச்சுமொழியிலேயே இவ்வேலைகளுக்குப் பெயர்கள் உள்ளன. செடியை வெட்டித் தாழ்த்துவது கவ்வாத்து. கவ்வாத்து வெட்டிய கிளைகளையும் முருக்கின் தழைகளையும் முள்ளுக்கரண்டியால் மண்ணைக் கிளறி உள்ளே புதைப்பது முள்ளுக் குத்துதல். நீர் வழியும் வாய்க்காலை வெட்டித் துப்புரவாக்குவது கான் வெட்டுதல். கவ்வாத்துக் கிளைகள் விறகாக எடுத்துச் செல்லப்பட்டால் மண்ணுக்கு இழப்பு. மண்ணில் விடப்பட்டால் லயத்து அடுப்புக்கு இழப்பு. இதனையும் மறத்தலாகாது. லயங்களின் அருகே தொழிலாளர் குடும்பங்கள் வளர்த்த மாடுகளின் சாணம் அவர்தம் காய்கறிப் பாத்திகளுக்கும் தோட்டத்து மலைகளுக்கும் எருவாயிற்று.

1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இருநாடுகளும் சமமாக ஏற்பதென 1974இல் முடிவாயிற்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் சப்பிரகமுவைத் தோட்டங்களையும் தாக்கின. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி, கஹவத்தை, இறக்குவானைப் பகுதித் தமிழர் வீடிழந்தனர். பலர் வடக்குக்கும் இந்தியாவுக்கும் புலம்பெயர்ந்தனர். இந்நிகழ்வுகளை அரசியல் வரலாறாகவே நாம் பயில்கிறோம். ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒரு மலையின் கானையும் முருக்கையும் மாட்டுப்பட்டியையும் பேணிய குடும்பம் அகலும்போது, அம்மண்ணைப் பற்றிய அறிவும் உடன் அகலுகின்றது. 1992இல் தோட்டங்களின் முகாமை கம்பனிகளுக்குக் கையளிக்கப்பட்ட பின்னரும் ஆட்பற்றாக்குறை நீங்கவில்லை. கைகள் குறைந்த இடத்தில் மூடைப் பசளையே எஞ்சியது.

இதே காலத்திற் சிற்றுடைமையாளர் பெருகினர். 1975இன் சட்டத்தால் உருவான தேயிலைச் சிறுதோட்ட அபிவிருத்தி அதிகாரசபை அவர்களுக்கு ஆதரவளித்தது. அண்மைக்காலத்தில் நாட்டின் தேயிலையில் 70 வீதத்திற்கு மேல் சிறுதோட்டங்களே தருகின்றன. கொடகவெல போன்ற தாழ்நாட்டுப் பகுதிகளே அவற்றின் இருப்பிடம். சிறுதோட்டத்தில் வேலியோரக் கிளிரிசிடியாவும் வீட்டு மாடும் சமையற் கழிவும் உண்டு. ஆதலால் சேதனப் பசளைக்குப் பெருந்தோட்டத்தைவிட அது இணக்கமானது. ஆனால் பசளையிட்ட சில வாரங்களிற் கொழுந்து பெருகவேண்டும் என்னும் நெருக்கடி சிற்றுடைமையாளருக்கே அதிகம். மாதந்தோறும் தொழிற்சாலை கொழுந்துக்குத் தரும் பணமே அவர்தம் குடும்பத்தின் வருவாய். மண் ஐந்தாண்டில் தேறும் என்னும் வாக்குறுதி அடுத்த மாதத்து அடுப்பை எரிக்காது.

2021

2021 ஏப்பிரலில், நாட்டை முற்றிலும் சேதன வேளாண்மைக்கு மாற்றும் முடிவைச் சனாதிபதி கோத்தாபய ராஜபக்ச அறிவித்தார். மே 6ஆம் நாள் வர்த்தமானி மூலம் இரசாயனப் பசளைகளினதும் பீடைகொல்லிகளினதும் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நூறாண்டு ஆராய்ச்சி படிப்படியாகச் செய்க எனக் கூறிய ஒன்று ஒரே வர்த்தமானியால் நடைமுறையாயிற்று. நாட்டின் தேயிலைக்கும் நெல்லுக்கும் வேண்டிய கூட்டெரு நாட்டில் இருக்கவில்லை. அதனை ஆக்கும் ஏற்பாடும் இருக்கவில்லை. வேண்டிய நைதரசனைத் தொன்கணக்கில் கணித்திருந்தாலே இது விளங்கியிருக்கும்.

எனவே சேதனப் பசளையும் கப்பலில் வரவேண்டியதாயிற்று. சீன நிறுவனமொன்று அனுப்பிய 20,000 தொன் பசளையின் மாதிரிகளில் எர்வினியா என்னும் பற்றீரியா இருப்பதாக இலங்கையின் தாவரத் தொற்றுத்தடைகாப்புச் சேவை அறிவித்தது. பயிர்களில் அழுகல் நோயை உண்டாக்கும் இனங்களும் எர்வினியாவில் உண்டு. நிறுவனம் இம்முடிவை மறுத்தது; கப்பல் திருப்பப்பட்டது; இரு நாடுகளின் உறவிலும் கசப்பு உண்டாயிற்று. மண்ணின் பற்றீரியா பற்றி நாடு பொதுவில் பேசியது அநேகமாக அதுவே முதன்முறை. அப்போதும் நோய் தரும் பற்றீரியாவைப் பற்றியே பேசப்பட்டது. ஒவ்வொரு தேயிலைச் செடியின் அடியிலும் ஒரு கைப்பிடி மண்ணிற் கோடிக்கணக்கில் வாழும் பற்றீரியாக்கள் அப்பேச்சில் இடம்பெறவில்லை.

விளைவு எதிர்பார்த்ததைவிடச் சற்று மாறாகவே தோன்றியது. 2021இல் நாட்டின் தேயிலை உற்பத்தி ஏறத்தாழ 29.9 கோடி கிலோகிராம். முந்திய ஆண்டைவிட அது உயர்வு. தடையால் தீங்கில்லை என இதனைக் காட்டி வாதிட்டோரும் இருந்தனர். நவம்பர் இறுதியில் தடை கைவிடப்பட்டது. ஆனால் 2022இல் உற்பத்தி ஏறத்தாழ 25.1 கோடி கிலோகிராமாக வீழ்ந்தது. கால் நூற்றாண்டுக்கு மேலாக நாடு காணாத தாழ்ந்த அளவு அது. அவ்வாண்டின் எரிபொருள் தட்டுப்பாடும், அந்நியச் செலாவணி நெருக்கடியும், உலகச் சந்தையிற் பசளை விலை ஏறியமையும் இதிற் பங்குகொண்டன என்பது உண்மையே. எனினும் முதலாண்டு தாங்கி இரண்டாம் ஆண்டு விழுந்தமை மண்ணின் இயல்போடு பொருந்துவதே. செடியும் மண்ணும் முன்னர் பெற்ற சேமிப்பைக் கொண்டு ஒரு பருவம் தாங்கும். காடழித்துக் கோப்பி நட்டவர் முதற் சில ஆண்டு விளைச்சலைக் கண்டு மயங்கியதும் இதே மயக்கமே.

2021இன் தோல்வியை வைத்துச் சேதனப் பசளையே பயனற்றது எனக் கூறுவோர் இன்று பலர். இதுவே அத்தடையின் மிகப் பெரிய தீங்கு எனலாம். தடை நிகழ்வதற்கு முப்பதாண்டுகளுக்கும் மேலாக ஊவாவில் சில தோட்டங்கள் சேதன முறையில் தேயிலை விளைவித்து உலகச் சந்தையில் விற்றுவந்தன. அவை விளைச்சல் குறைவதை ஏற்று, அதற்கு ஈடாக உயர்ந்த விலையைத் தேடி, ஆண்டுகள் பல எடுத்து மண்ணை மாற்றியவை. அவ்வழி எல்லாருக்கும் உரியதன்று. ஆயின் உண்மையான வழியே.

முடிவுரை

மேற்கூறிய வரலாற்றிலிருந்து பெறப்படுவது ஒன்றே. சேதனப் பசளையும் இரசாயனப் பசளையும் ஒன்றற்கொன்று மாற்று அல்ல. அவை இரு வேறு உயிர்களுக்கு ஊட்டுவன. இரசாயனப் பசளை செடிக்கு ஊட்டுகின்றது. அதன் காலக் கணக்கு வாரம். சேதனப் பசளை மண்ணின் பற்றீரியாக்களுக்கு ஊட்டுகின்றது. அதன் காலக் கணக்கு ஆண்டு. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கேட்டபோதெல்லாம் தேயிலை நிலம் நட்டமடைந்தது. பல பத்தாண்டுகள் யூரியாவை மட்டும் நம்பி மண்ணுயிரைப் பட்டினியிட்டது ஒரு தவறு. ஒரே பருவத்தில் கூட்டெருவிடம் யூரியாவின் வேலையைக் கேட்டது அதன் மறுதலையான தவறு.

தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் நெடுங்காலமாகக் கூறிவரும் வழி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. நிழல் மரத்தின் தழையும் கவ்வாத்துக் கிளையும் மண்ணிலேயே தங்கவேண்டும். கவ்வாத்தின்போது தொலமைற்று இட்டு அமிலத்தைத் தணிக்கவேண்டும். மறுநடுகைக்கு முன் ஒன்றரை முதல் இரண்டாண்டு வரை குவாட்டமாலாப் புல்லோ மானாப் புல்லோ வளர்த்து மண்ணை ஆற்றவேண்டும். கூட்டெருவும் அளவான இரசாயனப் பசளையும் சேர்ந்து செல்லவேண்டும். இவற்றில் எதுவும் புதிதன்று. புதிதாக வேண்டுவது இவற்றைச் செய்யும் கைகளுக்குரிய மதிப்பும் கூலியும், அப்பயன் விளையும்வரை சிற்றுடைமையாளரைத் தாங்கும் ஏற்பாடுமே.

கொடகவெலயின் சிறுதோட்டம் ஒன்றில் கிளிரிசிடியாத் தழையை வெட்டி மண்ணிற் பரப்பும் ஒருவர், அதன் பயனை அடுத்த கொழுந்தில் காணமாட்டார். அவர் ஊட்டுவது கண்ணுக்குப் புலப்படாத உயிர்களுக்கு. அவை உண்டு முடித்த பின்னரே தேயிலை உண்ணும்; தேயிலை உண்ட பின்னரே வீடு உண்ணும். இவ்வரிசையை மதிக்கும் கொள்கையே இனியேனும் இந்நாட்டு மண்ணுக்கு வேண்டுவது.